மாப்பிள்ளை அனுப்பிய பாடப்புத்தகம்

அமெரிக்காவில் ஒரு தொழில்முறை உதைபந்தாட்டக் குழு இருந்தது. அதன் சரித்திரம் எனக்கு இன்றைக்கும் தலைகீழாகத் தெரியும். என்ன பிரயோசனம் என்று கேட்காதீர்கள். என் அக்காவைக் கட்டுவதாக இருந்த அமெரிக்க மாப்பிள்ளைக்கு அந்தக் குழு என்றால் உயிராம். அதனால் கரவெட்டியில் எங்கள் வீடே அதைப் பாடமாக்கியது.

தொண்ணூறுகளின் தொடக்கம். யுத்தத்தால் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் சொட்டுச் சொட்டாகக் கிடைத்த காலம். அக்காவுக்கு இருபத்தொன்பது வயது. சாதகம் பொருந்தி, இரண்டு வீட்டாரும் சம்மதித்து, மூன்று வருடமாக அந்த ஒரு சம்பந்தத்தை நம்பி இருந்தாள். வேறு இரண்டு இடங்களில் இருந்து கேட்டு வந்ததையும் அப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஒருநாள் மாப்பிள்ளையின் தாய் மருதனார்மடத்திலிருந்து வந்து இறங்கினார். கையில் அந்தக் குழுவின் சரித்திரம் சொல்லும் ஒரு பெரிய வழவழப்பான புத்தகம். மகனை அவர் 'தம்பி' என்றுதான் சொல்லுவார்.

"தம்பி கொழும்புக்கு வந்த ஆக்களிட்டைக் குடுத்துவிட்டவர். பிள்ளை இதை வாசிச்சு வைச்சால் அங்கை போய்க் கதைக்க நல்லாயிருக்கும்" என்றார். தாலிக்கொடியே கொண்டுவந்துவிட்டவரைப் போல ஒரு பெருமை!

மற்ற மனிதர் என்றால் படம் பார்த்துவிட்டு மூடி வைப்பார்கள். நாங்கள் யாழ்ப்பாணத்தார் ஆயிற்றே! புத்தகம் என்று ஒன்று வந்தால் பின்னால் சோதனையும் வரும் என்று நம்புகிற சனம். மாதிரி வினாத்தாளே தயாரித்துவிட்டார் அப்பா. கட்டாய வினா ஒன்று, விரும்பிய வினா நான்கு. அக்கா மாமரத்தின்கீழ் நடந்து நடந்து மனனம் செய்தாள். எந்த வருடம் வெற்றிக் கிண்ணம், எந்த வருடம் படுதோல்வி, எல்லாம். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேள்வி கேட்டாள்.

விளையாட்டாவது விளையாட்டா? பெயர்தான் உதைபந்தாட்டம். தலையில் சட்டியைக் கவிழ்த்து, தோளில் தலையணை கட்டிய தடியன்கள். பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு நாலு எட்டு வைப்பார்கள், குவியலாக விழுவார்கள். பிறகு எழும்பி வட்டமாக நின்று கூட்டம் போடுவார்கள். எங்கள் ஊர்க் கோயில் நிர்வாகசபை இதைவிடச் சுறுசுறுப்பானது.

கடைசி அத்தியாயம்தான் அக்காவை உலுப்பியது. குழுவின் முதலாளி புது மைதானம் கேட்டானாம். ஊர் முடியாது என்றதாம். அவன் ஒருவருக்கும் சொல்லாமல் கிண்ணம், தொப்பி, பந்து எல்லாவற்றையும் லொறிகளில் ஏற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டான். தகப்பன் காலத்திலிருந்து பனியில் நின்று கைதட்டிய சனம் பத்திரிகையில் பார்த்துத்தான் அறிந்தது. புத்தகம் அதற்கு 'முன்னேற்றம்' என்று தலைப்புப் போட்டிருந்தது. தூ!

"போறதெண்டால் போகட்டும். அந்தச் சனத்துக்கு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் போயிருக்கலாமே" என்றாள் அக்கா. முகம் தெரியாத அந்த ஊராருக்காக அன்று சரியாகச் சாப்பிடவும் இல்லை.

அதன்பிறகு மாப்பிள்ளையிடமிருந்து ஆறு மாதம் கடிதம் வரவில்லை. தாய்தான் மறுபடி வந்தார். தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை வெயிலைப் பற்றிக் கதைத்தார்.

"குறை நினையாதேங்கோ. தம்பிக்குக் கொழும்பிலை ஒரு இடம் சரிவந்திட்டுது. போன மாதம் எழுத்தும் முடிஞ்சுது."

கலியாணப் பதிவே முடிந்துவிட்டதாம்! அப்பா கதிரையை விட்டு எழும்பவில்லை. அம்மா குசினிக்குள் போய்விட்டாள். வந்தவர் படலைவரை போய்த் திரும்பிப் பார்த்தார்.

"பிள்ளை, அந்தப் புத்தகத்தை ஒருக்காத் தாறியே? தம்பி கேட்டு எழுதினவர். புதுப் பொம்பிளைக்குக் குடுக்கவேணுமாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அடுப்புக்குள்ளை போடு" என்று அக்காவின் காதுக்குள் சொன்னேன். அவள் போடவில்லை. புத்தகத்தைக் கொண்டுவந்து, தூசி தட்டி, இரண்டு கையாலும் கொடுத்தாள். மூன்று வருடத்துக்கு மேலாக 'மாமி' என்று கூப்பிட்டவள் அன்று அப்படிக் கூப்பிடவில்லை.

"அம்மா, அந்தப் பிள்ளையைக் கடைசி அத்தியாயத்தை முதல் வாசிக்கச் சொல்லுங்கோ. நான் முதலிலை இருந்து வாசிச்சுப் பிழைவிட்டிட்டன்."