இடது பக்கம், பின்னால்

பிறந்து மூன்றாவது மாதத்தில் எங்கள் மகளுக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்தது. பால் குடிக்கும்போது உதடு நீலம் பாரிக்கும். சளி என்றார்கள், மாந்தம் என்றார்கள். திருப்பூர் டாக்டர் மட்டும் எதுவும் சொல்லாமல் கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார். டாக்டர் பேசாமல் எழுதினால் அது பெரிய வியாதி என்பது என் கணக்கு. குழந்தையையும் பையையும் மனைவியே சுமந்தாள். நான் என்னைச் சுமந்துகொண்டு பஸ் ஏறினேன். அறுபதுகளின் கடைசி அது.

கோயமுத்தூர் டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார்.

"நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல ஒரு தடுப்பு இருக்கு. அது மேலயும் கீழயும் அசைஞ்சாத்தான் மூச்சு. பாப்பாவுக்கு அதுல இடது பக்கம், பின்னால, ஒரு ஓட்டை. குடல் மேல ஏறி நுரையீரலை நெருக்குது. ஆபரேஷன் பண்ணித்தான் ஆகணும்."

"பொழச்சுக்குவாளாங்க?" என்றாள் மனைவி.

"மூணு மாசம் தாக்குப்பிடிச்சிருக்கா, அதுவே நல்ல அறிகுறிம்மா. ஆனா உறுதி சொல்ல மாட்டேன்."

அவள் உயிரைப் பற்றிக் கேட்டாள். என் காதில் நின்றதோ 'இடது பக்கம், ஓட்டை' மட்டும்தான். நான் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவள் மாசமாக இருந்தபோது ஒரு சூரிய கிரகணம் வந்தது. வயிற்றுப்பிள்ளைக்காரி அன்றைக்குக் கத்தி, கத்திரிக்கோல் தொடக்கூடாது. தொட்டால் பிள்ளையின் உடம்பில் அந்த வெட்டு விழுமாம். எங்கள் ஊர்ப் பக்கம் அவள் புருஷனும் தொடமாட்டான். கம்பெனியில் எல்லோரும் வேலையை நிறுத்தினார்கள். நான்தான் பெரிய பகுத்தறிவாளன் ஆயிற்றே! "சூரியனைப் புடிக்கறது என் கத்திரியையுமா புடிக்கும்?" என்று கிண்டலடித்துவிட்டு, அடுக்கி வைத்த பனியன் துணியில் கை நுழைகிற கைக்குழி வெட்டினேன். வலது முடிந்திருந்தது. கிரகண நேரத்தில் வெட்டியது இடது.

"நாந்தானுங்க டாக்டரம்மா, அந்த ஓட்டையை வெட்டுனது நாந்தானுங்க!" என்று கத்திவிட்டேன். வார்டில் ஒரு பாட்டில் உருண்டது.

"ஏனுங்க, செத்த சும்மா இருங்க. அவங்க கொழந்தையப் பாக்கட்டும்" என்றாள் மனைவி.

கிரகணக் கதையை முழுக்கக் கேட்ட டாக்டரம்மா சிரிக்கவில்லை. "அப்போ எத்தனாவது மாசம்?" என்றார்.

"ஏழுங்க."

"அப்ப நீங்க ரொம்ப லேட்டுங்க மாஸ்டர். அந்தத் தடுப்பு உருவாகற வேலை ரெண்டாம் மாசத்தோட முடிஞ்சுரும். கரு மொச்சைக்கொட்டை அளவு இருக்கும்போது. அது ஒரே துணியா வர்றதில்லை. முன்னாலருந்து ஒரு துண்டு, பின்னால ரெண்டு பக்கமும் ஒவ்வொரு மடிப்பு, நடுவுலயும் ஓரத்துலயும் கொஞ்சம் சதை. எல்லாம் வளர்ந்து வந்து ஒண்ணா ஒட்டணும். வலது முதல்ல மூடும், இடது கொஞ்சம் பிந்தி. சில குழந்தைக்கு அது மூடறதே இல்லை. அந்தச் சமயத்துல குடல் தொப்புள்கொடிக்குள்ள இருக்கும். மூணாம் மாசம் அது வயித்துக்குத் திரும்பும்போது சந்து தெரிஞ்சா மேல ஏறிடும். நுரையீரல் வளர இடம் பத்தாது. யாரும் எதையும் வெட்டலை. மூட வேண்டியது மூடலை, அவ்வளவுதான்."

எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. 'விடுதலை!' என்று பக்கத்தில் திரும்பினேன். மனைவியின் முகம் வெளுத்திருந்தது.

"ரெண்டாம் மாசமுங்களா?" என்றாள் மெதுவாக. "அப்ப மாசமா இருக்கறதே எனக்குத் தெரியாதுங்க. தெருக் குழாய்லருந்து ஊட்டுக்குத் தெனமும் குடம் தூக்குனனுங்க."

என் தலையிலிருந்து இறங்கிய பழி நேராக அவள் இடுப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

டாக்டரம்மா எக்ஸ்ரேயைக் கீழே வைத்தார். "குடம் தூக்காத பொம்பளை உங்க ஊர்ல யாரும்மா இருக்கா? அவங்க பிள்ளைக்கெல்லாம் ஓட்டையா விழுந்துச்சு?"

"இல்லீங்க."

"ஏன் மூடலைன்னு எங்களுக்கே தெரியலை. தெரியாததுக்கு உங்க மேல பழி போட்டுக்காதீங்க."

மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து அப்போதுதான் அழுதாள். பிறகு, "எப்பங்க ஆபரேசன்?" என்று கேட்டாள்.

மறுநாள் காலையில் நடந்தது. குடலைக் கீழே இறக்கிவிட்டு, சந்தின் இரண்டு விளிம்பையும் இழுத்துத் தைத்தார்களாம். இடது நுரையீரல் சின்னது, போகப்போக விரியும் என்றார்கள். 'எத்தனை தையல், என்ன நூல்' என்று கேட்க நாக்கு துடித்தது. மனைவி என் கையைக் கிள்ளினாள்.

சில நாள் கழித்துப் பால் கொடுக்கச் சொன்னார்கள். மகள் முகம் சுளிக்காமல், நிறம் மாறாமல், ஒரே மூச்சில் குடித்தாள். குடித்து முடித்ததும் என் சட்டையில் கொஞ்சம் கக்கினாள். நான் வராந்தா முழுக்க "சிஸ்டர், தையல் விட்டுப்போச்சுங்க!" என்று ஓடினேன். நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, "எல்லாக் குழந்தையும் கக்கும். முதுகைத் தட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மனைவி தட்டினாள். நான் அந்தச் சட்டையைத் துடைக்காமல் பெஞ்சில் உட்கார்ந்தேன்.