நோட்ஸை நிறுத்திய டீச்சர்

மருந்துக்கடைக்கு மேல்மாடியில் கணவனும் மனைவியுமாகக் கணினிப் பயிற்சி மையம் நடத்தினார்கள். விளம்பரம், சேர்க்கை எல்லாம் அவர் பாடு. புரோகிராமிங் டீச்சர் அவள். நோட்ஸ் கொடுப்பாள், பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள். வருஷக்கணக்காக வண்டி அப்படித்தான் ஓடியது.

அப்போதுதான் ஒரு புத்தகம் அவள் கைக்கு வந்தது. புரோகிராமிங், வியாபாரம், கல்வி மூன்றையும் ஒன்றாகப் பேசிய புத்தகம். பிழை வரட்டும், மாணவரே தேடிக் கண்டுபிடிக்கட்டும் என்றது. படித்து முடித்ததும் நோட்ஸை நிறுத்திவிட்டாள். வகுப்பில் முணுமுணுப்பு எழுந்தது. பெற்றோர் போனில் கத்தினார்கள்.

ஒரு நிறுவனம் ஆள் எடுக்க வரவிருந்த காலை. கணவர் கதவைச் சாத்திவிட்டுப் போனை நீட்டினார்.

"இன்னைக்கு டெஸ்ட்டுக் கேள்வி இதுல இருக்கு. அங்க வேலை பாக்குற என் ஃப்ரெண்டு அனுப்பினான். சட்டுனு பசங்களுக்குச் சொல்லிக் குடுத்துடு."

அவள் கை நீட்டவில்லை. "வேணாங்க."

"ஒருத்தனும் தேறலைன்னா அந்தப் புத்தகம் எழுதினவன் சட்டையையா பிடிப்பாங்க? என் சட்டையைத்தான் பிடிப்பாங்க!"

"நானும் பக்கத்துல நிக்கிறேன்."

படியில் காலடிச் சத்தம். அவர் போனைப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

தேர்வு நடக்கும்போது அவள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றாள். வகுப்பில் 'அவசரக்குடுக்கை' என்று பெயரெடுத்த பெண்ணின் திரையில் சிவப்பு எழுத்துகள். பிழை வந்தாலே கண் கலங்கிவிடுகிற பெண். திரும்பிக் கதவைப் பார்த்தாள். அந்தப் பெண் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள், உதடசைத்துப் படித்தாள், மேலே போய் ஒரு வரியைத் திருத்தினாள். மறுபடி சிவப்பு. மறுபடி படித்தாள், திருத்தினாள். புரோகிராம் ஓடியது.

"எப்படிம்மா கண்டுபிடிச்சே?" என்றார் தேர்வாளர்.

"எங்க தப்புன்னு அதுவே சொல்லுதே சார்."

அவளையும் இன்னொருவனையும் எடுத்தார்கள். மற்றவர்கள் முகம் தொங்க வெளியே வந்தார்கள். ஒரு பையனின் அம்மா மாடியேறி வந்தாள்.

"நோட்ஸ் குடுத்திருந்தா இவனும் தேறியிருப்பான்ல டீச்சர்?"

"தேறியிருக்கலாம்மா," என்றாள். பொய் சொல்ல வாய் வரவில்லை.

நேர்மையாக நடத்தினால் வியாபாரம் தானாக வளரும் என்று புத்தகம் சொன்னது. எழுதியவர் இந்த அம்மா முன்னால் நின்றதில்லை என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த சேர்க்கைக்கு ஆள் பாதியாகக் குறைந்தது. கணவர் விளம்பரத்தை எழுதும்போது 'வேலை உறுதி' என்ற வரியைத் தானே அடித்து நீக்கினார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

தேறாதவர்களுக்குச் சாயங்காலம் தனி வகுப்பு வைத்தாள். அதைப் பற்றிப் புத்தகத்தில் ஒரு வார்த்தை இல்லை. முதல் நாள் அந்தப் பையன் வரவில்லை. மறுநாள் அம்மாவே கூட்டிவந்து, கடைசிப் பெஞ்சில் தானும் உட்கார்ந்துகொண்டாள்.