பாலக்கரை-14

பன்னிரண்டு வயதுக்குள் நான் பதினான்கு போர் விமானங்களை வடிவமைத்திருந்தேன். அவற்றில் பதின்மூன்று உருப்படியாகப் பறக்கவில்லை. இதைக் கேட்டுவிட்டு யாராவது சிரித்தால், அவருக்கு விமானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று அப்போதே முடிவுகட்டிவிடுவேன்.

திருச்சி பாலக்கரையில் ஒரு செருப்புக்கடைக்கு மேலே மாடிவீட்டில் அம்மாவும் நானும் இருந்தோம். அத்தா என்று நான் கூப்பிடும் என் அப்பா ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். அம்மாவின் தம்பியான என் மாமா, தன் கடையில் கழித்துப்போட்ட ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்து, விமானம் ஓட்டும் சிமுலேட்டர் ஒன்றையும் அதில் ஏற்றிக் கொடுத்தார். இருக்கிற விமானங்களை ஓட்டலாம். உலகத்தில் எங்குமே இல்லாத விமானத்தை நாமே செய்தும் ஓட்டலாம். இறக்கை எவ்வளவு நீளம், எஞ்சின் எத்தனை, எரிபொருள் எத்தனை கிலோ, அதை எந்த இடத்தில் வைப்பது என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். நிரப்பி ஓடுபாதைக்குக் கொண்டுபோனால் நம் லட்சணம் தெரிந்துவிடும்.

முதல் சில விமானங்களை நான் வெறும் பந்தாவுக்காகத்தான் செய்தேன். பாலக்கரை-3 இல் பன்னிரண்டு ஏவுகணைகள் இருந்தன. அது தரையை விட்டு எழும்பவே இல்லை. பாலக்கரை-6 க்கு மூக்கருகே இரண்டு குட்டி இறக்கைகள் வைத்தேன். பார்க்க அவ்வளவு அழகு. எழும்பிய வேகத்தில் குட்டிக்கரணம் அடித்தது.

அந்த வருஷம் கோடை விடுமுறைக்கு அத்தா வருவதாக இருந்தது. லீவு கிடைக்கவில்லை என்று போனில் சொல்லிவிட்டார். நான் அவரைப் பார்த்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அழுதேன், இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, மூன்றாம் நாள் ஒரு முடிவுக்கு வந்தேன். அவர் வராவிட்டால் என்ன, நான் போய்விடுகிறேன். சொந்தமாகச் செய்த போர் விமானத்தில், நடுவில் எங்கும் இறங்காமல், திருச்சியிலிருந்து ஷார்ஜா வரை. வெள்ளிக்கிழமைதோறும் நாலு மணிக்கு அவர் போன் செய்வார், அப்படி ஒரு வெள்ளிக்கிழமை கூப்பிடும்போது நான் அங்கே இருக்க வேண்டும்.

மாமா சிரித்தார். போர் விமானமெல்லாம் போனமா வந்தமா என்று பக்கத்துச் சண்டைக்குத்தான், இத்தனை பெரிய கடலைத் தாண்டாது என்றார். அவருக்கும் விமானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது.

ஆனால் எரிபொருள் உண்மையிலேயே போதவில்லை. ஏவுகணைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். அடுத்து துப்பாக்கியைக் கழற்றினேன். சண்டை போட ஒரு ஆணிகூட இல்லாத போர் விமானமாக அது ஆகிவிட்டது. மிச்சமான எடைக்கெல்லாம் வால் பக்கம் டேங்க் வைத்தேன். பாலக்கரை-13 ஓடுபாதையில் ஓடி, மூக்கைத் தூக்கி, அப்படியே பின்பக்கமாக உட்கார்ந்துகொண்டது.

அம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் தெருவில் வெளிநாடு போகிற யாருக்குப் பெட்டி கட்டுவதென்றாலும் அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். தூக்கிப் பார்த்தே எத்தனை கிலோ என்று சொல்லிவிடுவாள்.

"எல்லாத்தையும் பின்னாடியே அடைச்சு வச்சிருக்க. கேரியர்ல அரிசி மூட்டை வச்ச சைக்கிள் மாதிரி முன்னாடி தூக்குது. பாதியக் கொண்டாந்து ஆளுக்குப் பக்கத்துல வையி" என்றாள்.

விமானியின் முதுகுக்குப் பின்னால் ஒரு டேங்கை நகர்த்தினேன். பாலக்கரை-14 பறந்தது. அது என்னுடைய யோசனை என்றுதான் மாமாவிடம் சொன்னேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்குக் கிளம்பினேன். அந்த சிமுலேட்டரில் ஸ்ரீரங்கத்துக் கோபுரம் கிடையாது, அந்த இடம் வெறும் பச்சையாக இருந்தது. காவிரி மட்டும் மே மாதத்திலும் கரைநிறையத் தண்ணீரோடு நீலமாக ஓடியது. இரண்டு மணிக்குக் கரண்ட் போயிற்று. எங்கள் பழைய இன்வெர்ட்டர் கம்ப்யூட்டரையும் ஃபேனையும் சேர்த்துத் தாங்காது. அம்மா ஒன்றும் கேட்காமல் ஃபேனை நிறுத்திவிட்டு, முந்தானையால் விசிறிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தாள். திரையில் கண்ணுக்கெட்டிய மட்டும் கடல்தான். டேங்கின் முள் இறங்க இறங்க, மிச்சமிருக்கும் கிலோவையும் தூரத்தையும் நோட்டில் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஷார்ஜா ஓடுபாதையில் ஒரு சக்கரம் உடைய இறங்கினேன். எனக்கு அன்று இருந்த பெருமை அதன் பிறகு எந்தப் பரீட்சையிலும் வரவில்லை.

போன் அடித்தது.

"அத்தா, நான் ஷார்ஜாவுல இருக்கேன்."

"எங்க?" அவர் குரல் மாறிவிட்டது.

"ஏர்போர்ட்ல. நானே செஞ்ச ஃபைட்டர்ல வந்தேன். மூணு மணி இருபது நிமிஷம்."

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்கு விளங்கியது. சிரித்தார். "வெயில் எப்படிம்மா இருக்கு?"

"தெரியல, கண்ணாடி மூடியிருக்கு."

"டேங்க்ல மிச்சம் இருக்கா? திரும்பிப் போகணும்ல?"

"இங்க தண்ணிய விட பெட்ரோல் சல்லிசுன்னு நீங்கதானே சொன்னீங்க. ரொப்பிக்கிட்டுப் போவேன்."

மறுபடியும் சிரித்தார். பிறகு, "திரும்பிப் போறப்ப எனக்கு ஒரு சீட் இருக்கா?" என்று கேட்டார்.

"இது ஃபைட்டர் அத்தா. ஒருத்தர்தான் உக்கார முடியும். இன்னொரு சீட் வைக்கணும்னா முதுகுக்குப் பின்னாடி இருக்குற டேங்க எடுக்கணும். எடுத்தா கடல்ல விழுந்துடும்."

அத்தா இந்த முறை சிரிக்கவில்லை.

"சரிம்மா. நீ பத்திரமாப் போய்ச் சேரு."

அம்மா போனை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். வெகுநேரம் கழித்து வந்தவள், "இருக்குன்னு சொல்லியிருக்கலாம்ல" என்றாள்.

"பொய் சொல்லச் சொல்றியாம்மா?" என்று கேட்டேன்.

அத்தாவின் முதலாளி அதற்கு இரண்டு மாதம் முன்பே கம்பெனியைப் பூட்டிவிட்டு எங்கோ போய்விட்டார் என்பதும், அத்தாவின் பாஸ்போர்ட் அந்தப் பூட்டுக்குள் மாட்டிக்கொண்டது என்பதும், இதெல்லாம் அம்மாவுக்குத் தெரியும் என்பதும் நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் என்னிடம் சொல்லப்பட்டன. அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவர் ஊர் வந்து சேர ஒன்றரை வருஷம் ஆயிற்று.

அன்று எனக்கு இதில் எதுவும் தெரியாது. அத்தா எழுபத்தெட்டு கிலோ என்பது மட்டும் தெரியும். அம்மா அப்படிச் சொல்லிவிட்டாளே என்று முதுகுக்குப் பின்னாலிருந்த டேங்கை எடுத்துவிட்டு, ஒரு சீட்டையும் அத்தாவின் எடையையும் கட்டத்தில் போட்டுப் பார்த்தேன். நம் கரை வருவதற்கு வெகுதூரம் முன்பே எரிபொருள் தீர்ந்துவிடும் என்று வந்தது. நான் சொன்னதுதான் சரி என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.