ஹீற்றருக்குச் சுற்றிய சாக்கு

இந்த நாட்டில் நிறுத்தி வைத்த வாகனமும் மூச்சு விடும். சிட்னிக்கு வந்த முதற் குளிர்காலத்தில், விடியற்காலை, எஞ்சின் ஓடாத டீசல் வான் ஒன்றின் அடியிலிருந்து புகை வருவதைக் கண்டு தண்ணீர் வாளியோடு ஓடியவன் நான். உள்ளே படுத்திருந்த வெள்ளைக்காரக் கிழவர் கண்ணாடியை இறக்கி, "ஹீற்றர், மேட்" என்றார். கொண்டுபோனதை வீணாக்கக் கூடாதென்று தண்ணீரை அவருடைய சில்லுக்கு ஊற்றினேன். நன்றி சொன்னார். வாகனம் கழுவ வந்தவன் என்று நினைத்திருப்பார்.

ஊரில் இருப்பவர்களுக்கு விளங்கச் சொல்கிறேன். அது ஒரு சின்னப் பெட்டி. வாகனத்தின் டீசலில் கொஞ்சம் குடித்து, எஞ்சின் நிற்கும்போதே தன்பாட்டில் எரிந்து, உள்ளே வெப்பக் காற்றை ஊதும். புகை மட்டும் அடியிலுள்ள தனிக் குழாயால் வெளியே போய்விட வேண்டும்.

எங்கள் ஊர்ப் பொடியன் தேவனுடைய வானிலும் அது இருந்தது. படகில் வந்தவன், பத்து வருடத்துக்கு மேலாக விசா முடிவுக்குக் காத்திருக்கிறான். சிட்னிப் புறநகர் பென்டில் ஹில்லில் அறை வாடகை ஏற, பெயின்ற் வேலைக்கு ஓடிய வானையே வீடாக்கிக்கொண்டான். என் வீட்டுக்கு வரச் சொன்னால், "உங்களுக்கேன் அண்ணை கரைச்சல்" என்பான். நானும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

இங்கே கடுங்குளிரான ஜூலையில் ஒரு பின்னேரம் வந்தான். "அண்ணை, ஹீற்றர் இரையிற சத்தத்துக்குச் சனம் கவுன்சிலுக்குப் போன் அடிச்சுச் சொல்லுது. வந்து கதவைத் தட்டுறாங்கள். பொலிசுக்குப் போச்செண்டா என்ர விசாக் கதை முடிஞ்சுது."

எனக்குப் பழைய மூளை விழித்துக்கொண்டது. சண்டைக் காலத்தில் ஜெனரேற்றர் ஓடுவது வெளியே கேட்கக் கூடாதென்று, கிடங்கு வெட்டி இறக்கி ஈரச் சாக்கால் மூடியவர்கள் நாங்கள். நான் அதில் விண்ணன். "சாக்கைச் சுத்துவம், வா" என்றேன். இருவரும் வானுக்கடியில் மல்லாந்து படுத்து, புகைக்குழாயின் வாயில் ஈரச் சாக்கைச் சுற்றிக் கம்பியால் இறுக்கினோம். சத்தம் பாதியானது.

"அண்ணைக்கு மண்டை வேலை செய்யுது!"

எனக்குப் பட்டம் கிடைத்த மாதிரி இருந்தது. அந்தக் கிடங்குக்குள் ஒருவரும் நித்திரை கொள்ளவில்லை என்பது மட்டும் அந்த மண்டைக்கு ஏறவில்லை.

மறுநாட் காலை தேத்தண்ணிப் போத்தலோடு போனேன். தட்டினேன், அசைவில்லை. கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தேன். வாய் திறந்தபடி கிடந்தான். அப்போது நான் புரிந்த வீரச்செயல்களைக் கேளுங்கள். போனில் நூற்றுப்பத்தொன்பதை அடித்தேன். அது இலங்கைப் பொலிசின் இலக்கம். பிறகு கதவை உதைத்தேன்; கதவு அப்படியே நின்றது, சப்பாத்துதான் கழன்று பறந்தது. நாயோடு நடக்க வந்த ஒரு பெண்தான் கல்லால் கண்ணாடியை உடைத்துக் கதவைத் திறந்தாள். சரியான இலக்கத்துக்கும் அடித்தாள்.

தீயணைப்புக்காரர் வானுக்கடியில் கைவிட்டுக் கருகிய சாக்கை இழுத்தெடுத்தார். அடைபட்ட புகை, வானின் அடித்தட்டிலிருந்த ஓட்டையால் உள்ளே ஏறியிருந்தது. "ஹூ டிட் திஸ்?"

சீருடை கேட்டால் எங்களிடம் ஒரே பதில்தான். "ஐ டோன்ட் நோ" என்றேன். கைகள் இரண்டும் தாமாகவே மேலே போய்விட்டன.

அவர் என் கைகளைப் பார்த்தார். எத்தனை மணித்தியாலம் இவன் இந்தப் புகையைக் குடித்தான், டாக்டர் கேட்பார் என்றார், இந்தமுறை மெதுவாக. புல்லில் கிடத்தியிருந்த தேவனின் ஒரு கால் தன்பாட்டில் துடித்துக்கொண்டிருந்தது.

"நான்தான் கட்டினேன். நேற்றுப் பின்னேரம். ஒன்பது மணிக்குப் படுப்பான்" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கொட்டினேன். கைகளை இறக்க மறந்துபோனேன். அவர் நேரத்தை மட்டும் எழுதிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் தேவன் என்னைத் தன் தமையனின் பெயரால் கூப்பிட்டான். தமையன் சண்டையில் செத்தவர். நானும் ஓம் ஓம் என்றேன். மூன்றாம் நாள் என்னை அடையாளம் கண்டதும், வாசலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணை, விசாரிச்சவங்களோ?"

"ஓம்."

"என்ன சொன்னனீங்கள்?"

"ஒண்டும் தெரியாதெண்டு சொல்லிப்போட்டன்."

"அது காணும்" என்று என் கையைப் பிடித்தபடி கண்ணை மூடினான். கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய தாளில், நான் சொன்ன நேரம் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.