லேபிள் கழன்ற குப்பிகள்

பாத்திரம் துலக்கும் சோப்பின் எலுமிச்சை வாசனை எங்கே எழுந்தாலும், மயிலாப்பூரிலிருந்து வந்த அந்த ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர் என் எதிரே வந்து உட்கார்ந்துவிடுகிறார். அரசு ஓய்வூதியர்களின் மருந்துக்கு ஒப்புதல் தரும் இடைநிலை நிறுவனம் ஒன்றில், தி. நகரில், அப்போது எனக்கு வேலை. ஊசி போட்டதற்குச் சாட்சியாகக் காலிக் குப்பியைக் கொண்டுவர வேண்டும். அதன் லேபிளில் உள்ள எண்ணை நான் பதிந்தால்தான் அடுத்த ஊசிக்கு அனுமதி. அவர் மனைவிக்கு வியாழக்கிழமை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் ஊசி. செவ்வாயன்று வந்தவர் பையிலிருந்து இரண்டு குப்பிகளை எடுத்து வைத்தார். பளிங்காக மின்னின. லேபிள் இல்லை.

“என்ன சார் இது?”

“வெந்நீர்ல சோப்புப் போட்டு அலம்பினேன், ஊறிக் கழண்டுடுத்து. கொடிய மருந்து, கையில படப்படாதுன்னு நர்ஸ் சொன்னா. நீ தினம் எத்தனை பேரோடதைத் தொடறே!”

மருத்துவர் கையெழுத்தே போதும் என்றது புதிய அரசாணை. குப்பி இல்லாமல் முடியாது என்றது எங்கள் கையேடு. அரசாணை எங்களைக் கட்டுமா, கட்டாதா? மேலாளரிடம் ஓடினேன். “ரெண்டுமே கரெக்டுதான் மேடம். மாட்டிக்கினா மட்டும் நீங்கதான்,” என்றார், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். திரும்பி வந்து, மேசைக்கடியில் பிறர் விட்டுப்போன குப்பிகளுக்குள் துழாவினேன். அதே மருந்துக் குப்பிகள் இரண்டு, லேபிளோடு கிடைத்தன. “இந்த நம்பரை எழுதிக்கறேன் சார், யாருக்கும் தெரியாது.”

“வேண்டாம்மா. அது யார் உடம்புல ஏறினதோ. அவா நம்பர்ல இவளுக்கு வாங்கிக்க மனசு ஒப்பலை.”

அவர் கொண்டுவந்திருந்த மருத்துவரின் கடிதத்தில் ‘அரசாணைப்படி அனுமதி’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அந்த ஆணையை நான் முழுதாகப் படித்ததுகூட இல்லை. எழுதியது துணிவா, இரக்கமா, குழம்பியவள் கை போன போக்கா? யாராவது கூப்பிட்டுக் கேட்பார்கள் என்று காத்திருந்தேன், கேட்கவே இல்லை. இன்று குப்பியைப் போனில் படம் எடுத்து அனுப்புகிறார்கள். கை படுவதில்லை, வாசனை இல்லை. அன்று நான் மீறினேனா, கீழ்ப்படிந்தேனா என்பது மட்டும் இன்னும் விளங்கவில்லை.

அடுத்த மாதமே என்னை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அவரை மறுபடி பார்க்கவில்லை. அன்று, “வியாழக்கிழமை கூட்டிட்டுப் போங்க சார்,” என்றதும் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். படியிறங்கப் போனவர் நின்று திரும்பினார்.

“அடுத்த தடவை அலம்பாமக் கொண்டுவரேன். நீ கையில ஏதாவது மாட்டிக்கோம்மா.”