காதர் பாய் காரின் பானெட்டுக்குள்ளே

கார் மெக்கானிக் என்றால் எதையாவது மாட்டுகிறவன் என்று ஊர் நினைக்கிறது. தண்டையார்பேட்டையில் கடை போட்ட நாளிலிருந்து நான் கழற்றித்தான் பிழைக்கிறேன். பழைய கார் வைத்துக்கொண்டு அவஸ்தைப்படும் சொந்தங்களே, இது உங்களுக்குத்தான்.

பானெட்டைத் திறந்தேன்

திருவொற்றியூர் காதர் பாய் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கிட்னி கெட்டு டயாலிசிஸுக்குப் போய்வருகிறார். அவருடைய பழைய மாருதியை ஓட்டுவது மனைவி ஃபாத்திமா அக்கா. கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் கொஞ்சம் ஊர்ந்தால் போதும், வண்டி கொதித்து நின்றுவிடும்; டயாலிசிஸ் முறையும் தவறிவிடும். இன்னொரு தடவை நின்றால் காயலான் கடைதான் என்று அக்கா சொல்லிவிட்டார்.

பானெட்டைத் திறந்து அசந்துபோனேன். லாரிக்கு மாட்டுகிற ஏர் ஹாரன், அதற்கொரு கம்ப்ரஸர், செத்துப்போன திருட்டு அலாரம், விளக்கே இல்லாத ஃபாக் லைட்டுக்கு ரிலே, ஓடாத ஏசி. என் கூட்டாளி எலக்ட்ரீஷியன் மணி எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "மாமு, அல்லாம் சரி, இதுல இன்ஜின் எங்க கீது?"

எங்கும் போகாத ஒயர்

ஹாரனும் அலாரமும் வெளியே வந்த பிறகு ஒரு சிவப்பு ஒயர் மிஞ்சியது. பேட்டரியில் கிளம்பி, டாஷ்போர்டுக்குள் நுழைந்து, திரும்பி வந்து பெட்ரோல் ட்யூப்புக்குப் பக்கத்தில் சும்மா தொங்கியது. நுனியில் சுற்றிய டேப் உருகி, செம்பு பல்லை இளித்தது. கரண்ட் இருக்கிறதா என்று டெஸ்ட் லைட்டை வைத்தேன், பளிச்சென்று எரிந்தது. இத்தனை வருஷம் இந்த நெருப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வண்டி ஓடியிருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை!

அக்கா குனிந்து அந்த நுனியைப் பார்த்தார். "தெனிக்கும் பிஸ்மில்லா சொல்லித்தான் வண்டில ஏறுவேன். எதுக்குன்னு இன்னிக்குத்தான் தெர்ஞ்சிது."

ஏசி கார்

ஏசியில் கை வைத்ததும் பாய் முறைத்தார். அவர் தெருவிலேயே முதல் ஏசி கார் அது. "அத்த மட்டும் தொடாத நைனா" என்றார்.

நான் வாதாடவில்லை. ரேடியேட்டருக்கு முன்னால் சல்லடை மாதிரி நிற்கும் ஏசி கன்டென்சரைக் காட்டினேன். மணலி ஆலைக் கரியும் கடல் உப்பும் சேர்ந்து ஊசி நுழைய இடமில்லாமல் அடைத்திருந்தன. ரேடியேட்டருக்குக் காற்றே கிடைக்கவில்லை. பாய் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, எடுத்துவிடு என்று கையை ஆட்டினார்.

அன்று மத்தியானமே அக்கா ஓட்ட, மூவரும் எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் வரிசைக்கு நடுவே மாட்டிக்கொண்டோம். லாரிகள் நகரவில்லை. டெம்பரேச்சர் முள் பாதிவரை ஏறியது, அப்படியே நின்றது. அரைமணி நேரம் போயும் அது நகரவில்லை. பாய் வியர்வையைக்கூடத் துடைக்காமல் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார், கண் கலங்கியிருந்தது. "ஆயுசுல பாதி கிரேன்ல குந்திகினு ஊரான் சொமையெல்லாம் எறக்கினேன் நைனா. என் வண்டி மேல கீற சொம எனக்குத் தெரியாம பூட்சே."

பக்கத்துக் கடைக்காரர் எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் மாட்டுவதில் கில்லாடி என்பதால் எனக்கு இந்த ஆயுசுக்கு வேலைப் பஞ்சமே வராது.