கதைக்காத இரண்டு நீலங்கள்

இந்த ஊர் பஸ்ஸில் ஒருவரோடு ஒருவர் கதைப்பதில்லை. ஸ்கொட்லாந்துக்கு வந்த புதிதில், பக்கத்தில் இருந்த பெரியவரிடம் "எங்க போறீங்க?" என்று சும்மா கேட்டுவிட்டேன். அந்த மனிசன் அடுத்த தரிப்பிடத்திலேயே இறங்கிப் போய்விட்டார். ஆனால் பைக்குள்ளிருந்து ஒரு கொக்கி ஊசியையும் ஒரு உருண்டை நூலையும் எடுத்து மடியில் வைத்துப் பாருங்கள், முழு பஸ்ஸும் வாய் திறக்கும். யாருக்குப் பின்னுகிறாய், என்ன நூல், என் பெரியம்மாவும் இப்படித்தான் பின்னுவார். நான் வருஷக்கணக்கில் ஆங்கிலம் படித்தும் நடக்காத காரியம் இது. நன்றாகக் கதைக்கப் பழகியது குரோஷே என்ற இந்தக் கொக்கிப் பின்னல் பழகிய பிறகுதான்.

பழக்கியவர் மோரின். ஓய்வுபெற்ற தாதி. வியாழக்கிழமைகளில் நூலகத்தின் மூலையில் நாலைந்து பெண்களைக் கூட்டி வைத்துப் பின்னுவார். அந்த வருஷம் எல்லோரும் புதுமாதிரிப் போர்வை ஒன்று பின்னினார்கள். பூவும் இல்லை, கொடியும் இல்லை. ஒவ்வொரு சதுரமும் ஒரே ஒரு நிறம். எல்லாவற்றையும் தனித்தனியாகப் பின்னி வைத்துவிட்டு, கடைசியில் ஒன்றோடொன்று பொருத்த வேண்டும். அதைப் பார்த்ததும் என் மூளையில் ஒரு பல்ப் எரிந்தது. என் மூளையில் பல்ப் எரிந்தால் வீட்டில் எல்லோரும் பயப்படுவார்கள், காரணத்தோடுதான்.

வீட்டுக் கதையைச் சொல்கிறேன். தொண்ணூறில் மன்னார்ப் பக்கத்திலிருந்து ஊரோடு விரட்டப்பட்டு, புத்தளம் களப்போரம் கரைத்தீவு அகதி முகாமில் வந்து குந்தியவர்கள் நாங்கள். அப்போது நான் உம்மாவின் இடுப்பில். ராத்தா என்று நான் கூப்பிடும் அக்கா மூத்தவள், நானா என்று கூப்பிடும் அண்ணன் நடுவில். வாப்பா முகாமிலேயே மௌத்தாகிவிட்டார். யுத்தம் முடிந்ததும் நானா வாப்பாவின் காணியில் காடு வெட்டி, கொட்டில் போட்டு, அங்கேயே போய்விட்டான். ராத்தா கரைத்தீவில் கல்வீடு கட்டி, உம்மாவோடு இருந்துவிட்டாள். உம்மா எங்கே இருப்பது என்பதில் வந்த சண்டையில், "நீ சாகும்வரைக்கும் அகதியாவே இரு" என்று அவன் சொல்ல, "நீ போய் யானையோட குடும்பம் நடத்து" என்று இவள் சொல்ல, அன்றோடு பேச்சு நின்றது.

நின்றது அவர்களுக்குள்தான். எனக்கு நின்றபாடில்லை. காலையில் போய்ப் பின்னேரம் திரும்பக்கூடிய தூரத்தில் இருக்கும் இரண்டு பேர், ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதையெல்லாம் ஸ்கொட்லாந்துக்குச் சொல்லி அனுப்பினார்கள். "உம்மாட பிரஷர் குளிசை மாத்தியிருக்கு, அவன்ட்ட சொல்லு." "கருவாடு அனுப்புறன், அவவ எடுக்கச் சொல்லு." அந்தக் கருவாடு என் காதுக்குள்ளால்தான் புத்தளம் போய்ச் சேர்ந்தது. நான் ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். சில வேளை சூடான வார்த்தைகளை ஆற வைத்தும் அனுப்பினேன், அது இலவச சேவை. சிரித்துக்கொண்டு சொல்கிறேன், ஆனால் பயம் பயம்தான். உம்மாவுக்கு ஏதும் ஆகிவிட்டால், மையித்து வீட்டிலும் இவர்கள் ஆளுக்கொரு பக்கம் நிற்பார்களோ?

அதனால்தான் போர்வை. குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம், எல்லாம் சேர்ந்து ஒரே துணி. என் புத்திசாலித்தனத்தில் எனக்கே புல்லரித்தது. வட்ஸ்அப்பில் ஒவ்வொருவரிடமும் நிறம் கேட்டேன். உம்மா, "அழுக்குத் தெரியாத நிறமாப் போடு மகள்" என்றா. ஆகவே மண் மாதிரிக் கபிலம். ராத்தா நீலம் கேட்டாள். நானாவும் நீலம் கேட்டான். "அவ கேட்டா நான் ஏன் மாத்தணும்?" என்றான். "அவனுக்காக மாத்த ஏலாது" என்றாள். கடைக்குப் போய்க் கடும் நீலத்தில் கொஞ்சம், வெளிர் நீலத்தில் கொஞ்சம் வாங்கினேன். இரண்டு பேரிடமும் தனித்தனியாக, உண்மையான நீலம் உனக்குத்தான் என்று சொன்னேன்.

சதுரங்களை மேசையில் பரப்பியபோது மோரின் இரண்டு நீலங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எவ்வளவு அழகு பார் என்றார். நான் பாய்ந்து பிரித்து, நடுவில் ஒரு கபிலத்தைத் தள்ளினேன்.

"ஏன்?" என்று கேட்டார்.

"இவை ஒன்றோடொன்று கதைப்பதில்லை."

மோரின் முகம் மாறிவிட்டது. மிகுந்த மரியாதையோடு தலையாட்டினார். அடுத்த வியாழன் பார்த்தால் அவருடைய போர்வையிலும் நீலங்கள் தள்ளித் தள்ளி இருக்கின்றன. மற்றப் பெண்களுக்கும் மெல்லிய குரலில் விளக்கிக்கொண்டிருந்தார்: அவர்கள் பக்கத்து நம்பிக்கை அது, நாங்களும் மதிக்க வேண்டும். என் ராத்தாவின் வாய்க்கொழுப்பு ஸ்கொட்லாந்தில் ஒரு மத நம்பிக்கையானது இப்படித்தான். திருத்தலாம் என்று பார்த்தேன். வாப்பாவின் காணியில் தொடங்கி ஆங்கிலத்தில் சொல்லி முடிக்க எனக்குத் தெம்பில்லை. விட்டுவிட்டேன்.

கடைசியில் கபில நூல் முடிந்துவிட்டது. ஒரு மூலையில் இரண்டு நீலங்களும் ஒட்டத்தான் வேண்டி வந்தது. அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்று வெள்ளை நூலால் பொருத்தி, சுற்றிவரக் கரையும் கட்டினேன். ஆகஸ்ட் விடுமுறையில் சூட்கேஸில் பாதியை அதற்கே கொடுத்து ஊருக்குப் போனேன்.

நான் வந்தபடியால் நானாவும் மன்னாரிலிருந்து வந்தான். ராத்தா அவனுக்குத் தேத்தண்ணி வைத்தாள், ஆனால் என் கையில் தந்து அனுப்பினாள். மண்டபத்தில் ஒரு கதிரையில் அவன், எதிர்ப்பக்கக் கதிரையில் இவள், நடுவில் கட்டிலில் உம்மா. சோளகக் காற்றும் அன்றைக்கு லீவு. கரண்டும் போய்விட்டது. எல்லோர் கழுத்திலும் வேர்வை ஓடுகிறது. அந்த நேரம் பார்த்து நான் போர்வையை விரித்து உம்மாவின் மடியில் போட்டேன். சுத்தமான செம்மறி ஆட்டுக் கம்பளி. மூன்று கிலோவுக்குக் குறையாது.

உம்மா அதைத் தடவிப் பார்த்தா. "முகாமுக்கு வந்த மாதிரியே இருக்கு" என்றா.

எனக்கு விளங்கிவிட்டது. முகாமுக்கு நாங்கள் வந்த முதல் வருஷம் நிவாரணமாகக் கம்பளிப் போர்வைகள் வந்தன. தென்னங்கிடுகு வேய்ந்த கொட்டிலுக்குள் வெந்துகொண்டிருந்தவர்களுக்குக் கம்பளி! எந்தக் குளிர்நாட்டு மகராசி அனுப்பினாவோ. உம்மா அதை இரண்டு குடும்பங்களுக்கு நடுவில் மறைப்பாகக் கட்டினா. அந்த மகராசியை நினைத்து எங்கள் சனம் எத்தனை வருஷம் சிரித்திருக்கும். நானும் சேர்ந்து சிரித்தவள்தான். இப்போது அந்த மகராசி நான்.

ராத்தா கண்ணை என்மேல் வைத்துக்கொண்டே எதிர்க் கதிரையிடம் சொன்னாள்: "இவளுக்குத் தலையில சூடேறிப் போச்சு."

"சூடில்ல ராத்தா," என்றான் நானா. "குளிர் ஏறிட்டு."

அவ்வளவுதான். ராத்தா வாயைப் பொத்தினாள், முடியவில்லை. உம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தா. நானா கண்ணைத் துடைத்துக்கொண்டு, முகாமில் போர்வைக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கத்துக் குறட்டைக்குப் பதில் குறட்டை விட்ட கதையைத் தொடங்கினான். ராத்தா அதில் பிழை பிடித்தாள். இரண்டு பேரும் நிலத்தில் இறங்கிப் போர்வையைப் பரப்பினார்கள்.

"இது நீயா?" என்று ஒரு நீலத்தைக் காட்டினாள் ராத்தா. "எனக்குப் பக்கத்தில என்ன வேல உனக்கு?"

"அவள்ட்ட கேளுங்க. பொருத்தினது அவள்."

ராத்தா விரலால் ஒவ்வொரு நிறமாகத் தொட்டு வந்தாள். உம்மா. நானா. மச்சான், அதாவது ராத்தாவின் மாப்பிள்ளை. பிள்ளைகள். பிறகு நிமிர்ந்தாள். "நீ எங்கடி?"

நானும் குனிந்து தேடினேன். ஒரு வருஷம் மடியில் வைத்துப் பின்னியவள், என் போர்வையில் என்னைத் தேடினேன். எனக்கென்று ஒரு நிறம் நான் எடுக்கவேயில்லை. "அந்த வெள்ள நூல் இருக்கே, எல்லாரையும் பொருத்தினது, அதுதான் நான்" என்று சமாளித்தேன்.

"பொய் சொல்லாத. மறந்திட்டாய்" என்றாள் ராத்தா.

திரும்பி வந்தபிறகு என் எக்ஸ்சேஞ்ச் மூடப்பட்டுவிட்டது. அவர்கள் நேரடியாகவே கதைக்கிறார்கள், நேரடியாகவே சண்டை பிடிக்கிறார்கள். உம்மா மாறி மாறி இரண்டு வீட்டிலும் இருக்கிறா. எனக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லி அனுப்புவதில்லை. இதற்காகத்தானே இவ்வளவு பாடுபட்டேன், சந்தோஷம்தான். ஆனால் போன் அடிக்காத நாட்களில் அதைக் கையில் எடுத்து, சிக்னல் இருக்கிறதா என்று பார்ப்பேன்.

போன மாசம் ராத்தா ஒரு படம் அனுப்பினாள். உம்மாவின் கட்டிலில் போர்வை, நடுவில் ஒரு சதுரம் இல்லை. மீன் வலையின் கிழிசல் பொத்திப் பழகிய கையால் நானா, மற்றது குலையாமல் அதை எடுத்திருக்கிறான். ராத்தா ஓரங்களைத் தைத்திருக்கிறாள். அது எனக்கு விட்ட இடமாம்.

உடனே கடைக்கு ஓடினேன். பச்சை பின்னினேன், நான் மாதிரி இல்லை. சிவப்பு பின்னினேன், அது வேறு யாரோ. மஞ்சளைப் பாதியில் விட்டேன். எல்லோரிடமும் ஒரு நிமிஷத்தில் நிறம் கேட்ட எனக்கு என் நிறம் தெரியவில்லை. பஸ்ஸில் ஆட்கள் யாருக்கு என்று கேட்கிறார்கள். எனக்கு என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நேற்று ராத்தாவிடம் இன்னும் கொஞ்ச நாள் பொறு என்றேன்.

"அவசரமில்லையாம். அந்த ஓட்டைக்குள்ளால உம்மாட காலுக்கு நல்லாக் காத்து வருதாம்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "ஆனா வேற ஒருத்தரும் அத அடைக்கக் கூடாதாம்."